ஹாட் பாக்ஸில் மூடிய வஞ்சிரம்

நம் போன் குரூப்பில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "அக்கா, வீட்ல மீன் வறுக்க எந்த மாவு போட்டா நல்லாருக்கும்?" கூடவே ஒரு தட்டின் படம். நான் பதில் போடாமல் இருந்தால், "செலின் அக்கா பாத்துட்டாங்க, நீலக் கோடு விழுந்துடுச்சு" என்று குத்திக்காட்டவும் ஒருத்தி இருக்கிறாள். பார்த்தேன் தாயே, பார்த்தேன். முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்குப் போனைப் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? பதில் போடாததற்குக் காரணம், அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஒரு வரியில் பதில் உண்டு என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு தாயையும் மகளையும் மொத்தமாகப் பிரித்துவிடப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது உங்களுக்காக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் வேலை ஓட்டல் வேலை இல்லை, மண்டப வேலையும் இல்லை. கூப்பிட்ட வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டு ஆட்கள் நடுவில் நின்று, முப்பது நாற்பது பேருக்குச் சமைத்துக் கொடுப்பது. அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நிற்கிறோம் என்பதை மறந்தால் இந்தத் தொழிலில் எல்லாமே தப்பாகப் போகும். நான் மறந்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

முதல் தடவை சின்னது, சிரிக்கிற மாதிரி. திருவதிகையில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்கு மறுநாள் கறிவிருந்து. சங்கரா மீனை ரவையில் புரட்டி மொறுமொறுவென்று வறுத்தேன். அடுப்பிலிருந்து எடுத்ததும் ஒரு துண்டை வாயில் போட்டேன். அடடா, நான் செய்ததா என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் நான் வறுத்தது பதினொரு மணிக்கு, அவர்கள் பந்தி போட்டது இரண்டே காலுக்கு. அதற்குள் ரவை ஆறி, இறுகி, ஜல்லியாகிவிட்டது. வீட்டுக்காரரின் மாமா ஒருவர் கடித்தார். பல்செட் மீனோடு வந்துவிட்டது. மனுஷன் கோபிக்கவில்லை. செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு, "யம்மா, இந்த மீனப் புடிச்சாங்களா, வெட்டி எடுத்தாங்களா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அழுதிருக்க வேண்டும், அடுத்த தப்பு நடந்திருக்காது.

அடுத்த தப்புக்கு வருகிறேன்.

கடலூரில் ஞானம் அக்கா என்று ஒருவர். எங்கள் பங்குக் கோயிலில், சர்ச்சில்தான், பாடற்குழுவில் எனக்கு முன்வரிசையில் நிற்பவர். நல்ல குரல், அதைவிட நல்ல பிடிவாதம். அவருக்கு ஒரே மகள், ஜெனி. அந்தப் பெண் கூட வேலை பார்த்த சிதம்பரத்துப் பையனை விரும்பி, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டது. பையன் இந்து. ஞானம் அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. "கோயில்ல தாலி கட்டாதது எனக்குக் கல்யாணமே இல்ல" என்று சொல்லிவிட்டார். அதை யாரோ மகளிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை.

பிறகு ஜெனி முழுகாமல் இருந்தாள். ஏழு மாசம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை. கஞ்சி மாதிரி ஏதாவதுதான் தங்கும், வேறு எது போனாலும் திரும்பி வந்துவிடும். ஒருநாள் அவள் தன் புருஷனிடம், "எங்க வீட்ல வறுக்கிற மாதிரி மீனு சாப்புடணும் போலருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பையன், பாலாஜி, அவளுக்குத் தெரியாமல் மாமியாருக்குப் போன் போட்டுவிட்டான். தங்கமான பையன்.

நம் பக்கத்தில் வழக்கம் தெரியும்தானே. தலைப்பிரசவத்துக்கு முன்னால் அம்மா வீட்டில் ஏழு வகைச் சோறு கட்டி, மகள் வீட்டுக்குக் கொண்டுபோய், அவளைச் சாப்பிடவைத்து, கையோடு பிரசவத்துக்கு அழைத்து வருவது. கட்டுச்சோறு என்போம். அந்த ஏற்பாட்டுக்காகத்தான் ஞானம் அக்கா என்னைத் தேடி வந்தார்.

"செலின், சோறு கட்டிக்கினு வரலாம்னு மாப்ளை சொல்லிட்டாரு. ஆனா ஜெனி ஒன்னு சொல்லிட்டாளாம்."

"என்னாக்கா?"

"'கொண்டாரட்டும், சாப்புடறேன். ஆனா கூட மட்டும் போகமாட்டேன்'னு."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு என் வூட்டுக்கு வரலைன்னா, நான் எதுக்குடி அம்மான்னு இருக்கிறேன்?"

அந்தப் பெண்ணைச் சாப்பாட்டாலேயே வண்டியில் ஏற்றிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். நல்ல எண்ணம்தான். அதில் என் திமிரும் கொஞ்சம் கலந்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். அந்தச் சமயத்தில் நான் புதுச்சேரியில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையல்காரரிடம் பார்த்துவிட்டு வந்த ஒரு வித்தை கையில் இருந்தது. மீனை மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் உருட்டி, முழுகப் பொரிப்பது. பொன் நிறத்தில் வரும். சிதம்பரத்துச் சம்பந்திகள் வாயைப் பிளக்கவேண்டும் என்று மனசுக்குள் ஒரே துள்ளல்.

ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் ஞானம் அக்கா தானே முதுநகர் துறைமுகத்துக்குப் போய் ஒரு வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அப்படி ஒரு மீன். நான் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"செலின், மீனு மட்டும் நான் வறுத்துடறேனே."

"ஐயோ அக்கா! என்னைக் கூப்டுட்டு நீங்க அடுப்புல நின்னா ஊரு என்னா பேசும்? போய்ப் பொடவை மாத்துங்க."

"இல்ல, அவளுக்கு மாவு ஜாஸ்தி இருந்தா..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். போங்கக்கா!"

போய்விட்டார். பிடிவாதக்காரி என்று சொன்னேனே, அன்றைக்கு அந்தப் பிடிவாதத்தையெல்லாம் எங்கேயோ தொலைத்துவிட்டு, குழந்தை மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. முப்பது துண்டுகளை முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் உருட்டிப் பொரித்தேன். பார்க்கக் கண் கொள்ளவில்லை. ஆறக்கூட விடாமல், சூடு போகக்கூடாது என்று, பெரிய ஹாட் பாக்ஸில் அடுக்கி இறுக்கி மூடினேன். எட்டுத் துண்டுகளை மட்டும் உப்பும் மஞ்சளும் தடவி ஐஸ் பெட்டியில் தனியாக எடுத்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கொஞ்சம் பச்சையாகக் கையில் வைத்துக்கொள்வது என் பழக்கம். கடைசி நேரத்தில் கூட நாலு பேர் வந்து நிற்பார்கள். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

வேனில் ஆறு பேர் கிளம்பினோம். ஜன்னல் ஓர சீட்டு எனக்கு. வேனில் போனால் எனக்குத் தலை சுற்றும், அதனால் அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று வண்டி போய்க்கொண்டிருந்தது. ஞானம் அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். ஒன்றே கால் மணி நேரம். வறுத்த மீன் அவ்வளவு நேரமும் தன் ஆவியிலேயே வெந்துகொண்டிருந்தது. நான் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில் அவர்கள் வீடு. நல்ல மனுஷர்கள், வாசலுக்கே வந்து கூப்பிட்டார்கள். பாலாஜியின் அம்மா தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவு நாடாவோடு வரவில்லையே தவிர, வந்தவர்களை எல்லாம் ஒரு பார்வையில் அளந்துவிட்டார். ஜெனி உள்ளே நின்றிருந்தாள். கை நிறைய வளையல், கன்னம் மட்டும் ஒட்டிப் போயிருந்தது. எல்லாரையும் பெயர் சொல்லி "வாங்க, வாங்க" என்றாள். அம்மாவைப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள். ஞானம் அக்காவும் தரையைத்தான் பார்த்தார். அந்த மொசைக் தரையில் அப்படி என்ன இருந்ததோ.

பாய் விரித்து, அவளை நடுவில் உட்காரவைத்து, இலை போட்டோம். சுற்றிலும் பையன் வீட்டு அத்தைகள், சித்திகள். ஏழு வகைச் சோற்றிலும் ஒவ்வொரு கரண்டி வைத்தேன். பிறகு, எல்லாரும் பார்க்கட்டும் என்று, ஹாட் பாக்ஸை அவள் முன்னாலேயே கொண்டுபோய் வைத்து மூடியைத் திறந்தேன்.

ஆவி குப்பென்று வந்தது. மீன் வாசனை இல்லை. முட்டை வாடை. வேகவைத்த முட்டையை மூடிவைத்துத் திறந்தால் வருமே, அதே வாடை, முப்பது துண்டுக்கும் சேர்த்து. பொன் நிறம் போன இடம் தெரியவில்லை. ரஸ்க் தூள் ஊறிப் பாதி உரிந்து தொங்கியது. ஜெனி புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். வளையல் சத்தம் கொல்லைப்பக்கம் ஓடியது. அப்புறம் குழாயடியில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம்.

யாரோ ஒரு சித்தி மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"பாவம், அம்மா வூட்டு சோறே ஒத்துக்கலியே."

ஞானம் அக்கா பாயின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்.

"சோறு இல்ல செலின். என்னைப் பாத்துதான் அவளுக்குக் கொமட்டுது. வா, போயிடலாம்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைத்தாச்சி வாந்தி எடுப்பது அதிசயமா? சமையல்காரியின் பெயர் பத்திரமாக இருந்திருக்கும். பழி முழுக்க ஒரு தாயின் தலையில் விழுந்திருக்கும். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முப்பது வருஷம் கட்டிக்காத்த பெயர், அதுவும் ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில். விட மனசு வரவில்லைதான். ஆனால் ஞானம் அக்கா என் கையைப் பற்றிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

எழுந்து நின்று சத்தமாகவே சொன்னேன்.

"இதுல ஞானம் அக்கா மேல ஒரு தப்பும் கெடையாது. முட்டை போட்டது நான். அவுங்க வறுக்கிறேன்னு சொன்னாங்க, நான்தான் தொரத்தி வுட்டேன். சூடா இருக்கணும்னு மூடி வெச்சதும் நான்தான். பொண்ணுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு ஒரு போன் போட்டுக் கேக்காததும் நான்தான்."

பாலாஜிதான் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "ஆமா ஆன்ட்டி, நாலு மாசமா எங்க வீட்ல முட்டையே வாங்கறதில்ல. அதோட பேரைச் சொன்னாலே ஓடிடுவா."

ஊருக்கே தெரிந்த விஷயம். அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு வருஷமாகப் பேசாத அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

நான் கொல்லைக்குப் போனேன். ஜெனி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று, கேட்கவேண்டியதைக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கவேண்டியது.

"ஜெனி, எந்தெந்த வாசனை ஆகல உனக்கு?"

"முட்டை. கடலை மாவு. எண்ணெய் கொதிக்கிற வாசனை சுத்தமா ஆகல."

"மொளகாத்தூள்?"

"இருமல் வருது. இருமுனா வாந்தி வருது."

"மொளகு?"

கொஞ்சம் யோசித்தாள். "மொளகு பரவால்ல. ரசம் குடிக்கிறேன்."

"அரிசி மாவு?"

"இடியாப்பம் தங்குது ஆன்ட்டி." பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "அம்மா அழுவுதா?"

"நீயே வந்து பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டீர்களா? நாலு கேள்வி. மாவு எது என்பது அந்த நாலிலேயே முடிவாகிவிட்டது. முழுகப் பொரிப்பது கூடாது, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய்தான். கடலை மாவு, மைதா, ரஸ்க், எதுவும் கூடாது. ஐஸ் பெட்டியில் எட்டுத் துண்டு இருக்கிறது. ஆனால் அடுப்பு?

அடுப்புதான் சிக்கல். கட்டுச்சோறு அம்மா வீட்டு அடுப்பில் சமைத்து வரவேண்டியது. கொண்டுவந்தவர்களே சம்பந்தி வீட்டில் அடுப்பு மூட்டினால் அதைக் குறையாகப் பேசுபவர்கள் உண்டு. அந்தச் சித்தி ஏற்கெனவே வாயைத் திறக்கத் தயாராக இருந்தார். நான் பாலாஜியின் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, எட்டு துண்டு மீனு பச்சையா வெச்சிருக்கேன். உங்க அடுப்புல வறுக்கலாமா? வழக்கத்துக்கு ஆகாதுன்னா வேணாம். நான் போயி வாசல்ல கல்லு கூட்டி வறுத்துக்கினு வரேன்."

அந்தச் சித்தி, "அது எப்படி, அம்மா வூட்டு அடுப்புலதான..." என்று ஆரம்பித்தார்.

பாலாஜியின் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீனு அவுங்க வூட்டுது, கை அவுங்க கை. நெருப்பு என்னா, எங்கப்பன் வூட்டுச் சீரா? பொண்ணு ஏழு மாசமா கஞ்சியக் குடிச்சிக்கினு கெடக்குது. வாங்க உள்ள."

அன்றைக்கு அந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுப்படியில் ஜன்னலைத் திறந்தார், பின்கதவைத் திறந்தார், விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து நீட்டினார். ரவை இருந்தது, சோள மாவு இருந்தது. இடியாப்ப மாவும் இருந்தது. அரைத்து வறுத்தது, பச்சை வாடை இல்லை. அதைத்தான் எடுத்தேன்.

மீன் துண்டுகளை ஈரம் போகத் துணியில் ஒற்றினேன். இடித்த மிளகு, உப்பு. அதன் மேல் மாவு. எவ்வளவு என்று கேட்பீர்கள். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாமியார் சாம்பல் பூசுவாரே, அவ்வளவுதான். தோல் தெரியவேண்டும். மாவு மீனுக்குப் போர்வை இல்லை. ஈரத்தை வாங்கிக்கொண்டு, கல்லில் ஒட்டாமல் காப்பாற்றினால் போதும்.

கல் காய்ந்தது. எண்ணெய் தடவினேன். முதல் துண்டைக் கையில் எடுத்தேன், அப்புறம் கீழே வைத்துவிட்டேன். கூடத்துக்குப் போய், பாயோரம் உட்கார்ந்திருந்த ஞானம் அக்காவை எழுப்பினேன்.

"வாங்கக்கா. நீங்க வறுங்க."

"நானா? இப்ப என்னால முடியாது செலின். கை நடுங்குது."

"நடுங்கட்டும். நான் வறுத்த லட்சணத்தைத்தான் எல்லாரும் பாத்துட்டாங்களே!"

அதற்கு அந்த அத்தைகளே சிரித்துவிட்டார்கள். ஞானம் அக்கா எழுந்து வந்தார். நாலு துண்டு போட்டார். இடியாப்ப மாவும் மிளகும் வறுபடும் மணம் மெல்லக் கிளம்பியது. எண்ணெய் வாடை இல்லை. நானும் பாலாஜியின் அம்மாவும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கி நின்றோம்.

வளையல் சத்தம் கேட்டது. ஜெனி பின்கதவு வழியாக வந்து நிலைப்படியில் நின்றாள். மூக்கைப் பொத்த ஒரு கை தயாராகப் பாதி வழியில் இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். கை கீழே இறங்கியது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, முதுகு மட்டும் விறைத்தது. மகள் அங்கேயே நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெண் தன் தாயிடம் பேசினாள்.

"மா, ஓரத்துல இருக்கறது செவந்துடுச்சு. திருப்பு."

"தெரியும்டி. நீ சொல்லித்தான் நான் திருப்பணுமா?"

திட்டிக்கொண்டேதான் திருப்பினார். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் தோசைத் திருப்பி, ஒரு கையில் இடுக்கி. ஒரு துண்டு உடைந்துவிட்டது. ஜெனி தட்டை எடுத்து வந்து நீட்டினாள். உடைந்ததைத்தான் முதலில் கேட்டாள். ஊதி ஊதி, நின்றபடியே தின்றாள். இரண்டாவது துண்டையும் தின்றாள்.

அதற்கப்புறம்தான் பாருங்கள் வேடிக்கை. அவள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாலாஜி கையில் ஒரு வாளியோடு நின்றான். அவன் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆனபோது ஜெனி எரிந்து விழுந்தாள். "எல்லாரும் ஏன் என்னையே பாக்கறீங்க? வாந்தி வந்தா நான் சொல்லமாட்டேனா? பாலாஜி, மொதல்ல அந்த பக்கெட்டைக் கொண்டு போய் வையி!"

கூடமே கலகலவென்று சிரித்தது. பிறகு எல்லாருக்கும் இலை போட்டோம். நான் நாசமாக்கிய முப்பது துண்டையும், அந்தச் சித்தி உட்பட, அத்தைமார்கள் ரஸ்க் தூளை உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். "மீனு நல்ல மீனுதான், மாவுதான் கெட்ட சகவாசம்" என்றார் சித்தி. அந்த அம்மாவின் வாயையும் நான் மன்னித்துவிட்டேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாவைக் கடைசியில் கேளுங்கள். யார் சாப்பிடப்போகிறார்கள், வறுத்து எவ்வளவு நேரம் கழித்து, எங்கே உட்கார்ந்து என்று முதலில் கேளுங்கள். கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போனால் ரவை போடுங்கள், ஜோராக இருக்கும். பிள்ளைகள் கூட்டம் என்றால், முட்டை ஆகுமா என்று கேட்டுவிட்டு ரஸ்க் தூள் போடுங்கள், அடுப்படியை விட்டு வெளியே போகாமல் சாப்பிடுவதாக இருந்தால் மட்டும். நெத்திலி மாதிரிப் பொடி மீனுக்குக் கொஞ்சம் கடலை மாவு சேரலாம். ஊர் தாண்டிப் போகும் மீனுக்கு மாவே கம்மி, மூடியும் கம்மி, நன்றாக ஆறவிட்டுக் கூடையில் காகிதம் போட்டு அடுக்குங்கள். அந்த வீட்டுக்காரி "நான் வறுக்கிறேன்" என்று வந்து நின்றால் நகர்ந்து இடம் விடுங்கள். தப்பு நம்முடையது என்றால் அந்த இடத்திலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி ஒப்புக்கொள்ளுங்கள். பெயர் கெடாது. அதே சித்தி பேரன் காதுகுத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்.

நாலு மணிக்குப் பாத்திரங்களை எல்லாம் வேனில் ஏற்றினோம். ஞானம் அக்கா மகளிடம் எதுவும் கேட்கவில்லை. 'கூட வரியா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டார், அதனால் கேட்கவில்லை. மகளின் தலையைத் தடவினார். "ஒடம்பைப் பாத்துக்கோ" என்றார். மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் கும்பிடு போட்டார். படி இறங்கி வந்து வேனில் ஏறினார். நான் என் ஜன்னல் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

பாலாஜியின் அம்மா வாசலிலிருந்து கையைக் காட்டினார், நிற்கச் சொல்லி. அவருக்குப் பின்னால் பாலாஜி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் ஜெனி, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெல்ல அடி எடுத்துவைத்து வந்தாள். வேனுக்குப் பக்கத்தில் வந்து, அம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் நவுருங்க. எனக்கு ஜன்னல் ஓரம் வேணும்."

ஆயுசில் முதல் தடவையாக அந்தச் சீட்டை விட்டுக்கொடுத்தேன். கடலூர் வரைக்கும் தலை சுற்றிக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தை முனகவில்லை.